மூன்றரை வெள்ளி மரப்பொறி: நாலு வருடம் கழித்து

எலிப்பொறி வாங்கிய அன்றைக்கு எல்லாருமே அதைப் புகழ்வார்கள். முதல் ராத்திரி ‘டப்’ என்று ஒரு சத்தம், காலையில் ஒரு சுண்டெலி, உடனே ஐந்து நட்சத்திரம். ஆறு மாதம் கழித்து அந்தப் பொறியின் பலகை உப்பிவிட்டதா, ஸ்பிரிங் துருப்பிடித்ததா, எலி திரும்பி வந்ததா என்று யாரும் எழுதுவதில்லை. நான் எலி பிடிக்க ஆரம்பித்தது 2020 டிசம்பரில். கடையில் விற்கும் அநேகமாக எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டேன்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலுக்கு வெளியே, பாதி செங்கல், பாதி பலகை, மேலே தகரக் கூரை. பின்வேலியைத் தாண்டினால் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டம். அம்மா முப்பது வருடம் ரப்பர் பால்மரம் சீவியவர். வேலையை விட்ட பிறகும் சும்மா உட்கார மாட்டார். குசினிக்குப் பின்னால் பதினாலு கோழி வளர்க்கிறார். எலிக்கு இதைவிட நல்ல முகவரி கிடைக்காது.

முதல் அறிகுறி அரிசிப் பையின் மூலையில் ஒரு ஓட்டை. அம்மா அதை ஊசி நூலால் தைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அடுத்த வாரம் என் மைவி கார் கிளம்பவில்லை. மெக்கானிக் பானெட்டைத் திறந்து, கந்தல் துணியும் தேங்காய் நாரும் சேர்த்துக் கட்டிய ஒரு கூட்டை எடுத்துக் காட்டினார். இரண்டு வயர் அறுந்து கிடந்தது. எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும். அது என் வயராகப் போனதுதான் என் நேரம்.

அவசரத்தில் வாங்கியது கம்பிக் கூண்டு, பதினெட்டு வெள்ளி (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்). மறுநாள் காலை உள்ளே ஒரு ஜீவன், கீச்கீச் என்று கத்திக்கொண்டு. நான் வெற்றி வீரனாக அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயையோ, பிள்ளையார் வாகனத்தையாடா பிடிச்சு வச்சிருக்க? தெறந்து விடு!”

மூஞ்சூறு. நீண்ட மூக்கு, குன்றிமணிக் கண், ஒரு மாதிரியான வாடை. அது எலி இனமே இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்று வாழ்வது. திறந்து விட்டேன். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது: வந்திருப்பது யார் என்று தெரியாமல் ஆயுதம் வாங்கக் கூடாது. புழுக்கையைப் பார்த்தாலே போதும். அரிசி மணி அளவில் சிதறிக் கிடந்தால் சுண்டெலி. ஒன்றரை சென்டிமீட்டர் வரை தடிப்பாக இருந்தால் பெரிய எலி. என் குசினியில் முதலாவது, கோழிக்கூட்டில் இரண்டாவது.

அப்புறம் மின்சாரத்தில் செருகும் அந்தக் கருவி. காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பி எலியை விரட்டும் என்றார்கள். இரண்டு வாங்கினேன், எழுபத்தெட்டு வெள்ளி. முதல் வாரம் வீடு அமைதியாக இருந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் சிபாரிசு செய்தேன். மூன்றாவது வாரம் அந்தக் கருவியின் தலைமேலேயே நாலு புழுக்கை. அந்த ஒலி சுவரைத் தாண்டாது, அலமாரிக்குப் பின்னால் போகாது, போகிற இடத்திலும் எலி பழகிக்கொள்ளும். 2001-லேயே அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இப்படிப்பட்ட கருவிகளைச் செய்யும், விற்கும் அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ‘உங்கள் விளம்பரத்துக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும்’ என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. வாங்கிய பிறகு படித்தேன். ஒன்று இன்னும் வேலை செய்கிறது. இரவு விளக்காக.

பசை அட்டையைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. முதல் ராத்திரி ஒரு பல்லி, இரண்டாம் ராத்திரி ஒரு சுண்டெலி. அது விடியும்வரை கத்தியது. அம்மா எழுந்து வந்து, “இத இன்னொரு தடவ வீட்டுல வச்சேன்னா நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்” என்றார். மிச்ச அட்டைகள் குப்பைக்குப் போயின. எதுவும் சிக்காவிட்டாலும் நம் ஊர்ப் புழுதிக்கும் ஈரத்துக்கும் அந்தப் பசை வாரக்கணக்கில் தாங்காது.

இனி மரப்பொறி. டவுனில் ஹார்ட்வேர் கடை தவுக்கே, அதாவது முதலாளி, எடுத்துக் கொடுத்தார், ஒன்று மூன்று வெள்ளி ஐம்பது காசு. இரண்டு வாங்கினேன். அதுதான் தப்பு. சுண்டெலி தன் கூட்டிலிருந்து பெரும்பாலும் மூன்று முதல் பத்து மீட்டருக்குள்தான் சுற்றும். குசினியில் இரண்டு பொறி வைத்தால், சாமான் அறையில் இருக்கும் எலிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதோடு அதன் குடும்பக் கணக்கையும் பாருங்கள்: மூன்று வாரத்தில் ஈனும், ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி, அந்தக் குட்டிகள் ஆறு வாரத்தில் சினைபிடிக்கத் தயார். வாரத்துக்கு ஒன்று பிடிப்பது எலிக்கு நாம் கட்டும் வாடகை மாதிரி. மறுபடி போய்ப் பத்து வாங்கி, பன்னிரண்டையும் ஒரே ராத்திரியில் வைத்தேன். மூன்று ராத்திரியில் ஒன்பது.

வைக்கும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. எலிக்குக் கண் மந்தம். மீசையைச் சுவரில் உரசியபடியே ஓடும். பொறியை அறை நடுவில் வைப்பது வீண். சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்று.

இரைக்கு ஊரெல்லாம் மசால் வடை என்பார்கள். வைத்துப் பார்த்தேன். வடை போய்விட்டது, பொறி அப்படியே இருந்தது. பெரிய துண்டை ஓரத்திலிருந்தே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இரை கடலைப் பருப்பு அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. பீனட் பட்டர் நன்றாக வேலை செய்யும், எறும்பு விட்டால். நம் ஊரில் அது விடாது. ஒரு மணி நேரத்தில் பொறியே கறுத்துவிடும். ஈக்கான் பிலிஸை, அதாவது நெத்திலிக் கருவாட்டை, நூலால் இறுக்கிக் கட்டினேன், பரவாயில்லை. கடைசியில் எனக்குக் கைகொடுத்தது பஞ்சு. ஆமாம், வெறும் பஞ்சு. கூடு கட்டப் பெண் எலி பஞ்சைத் தேடி இழுக்கும், எறும்பு திரும்பியும் பார்க்காது. பொறியின் நாக்கில் சுற்றிக் கட்டிவிட்டால் வாரக்கணக்கில் இருக்கும்.

கோழிக்கூட்டுப் பக்கம் இருந்த பெரிய எலியிடம் இந்த வித்தை எதுவும் பலிக்கவில்லை. சுண்டெலி புதிதாக எதைப் பார்த்தாலும் முகர்ந்து பார்க்கும். பெரிய எலி புதிதாக எதைப் பார்த்தாலும் சந்தேகப்படும். அதற்குப் பெரிய பொறி வாங்கி, நாலைந்து ராத்திரி பூட்டாமல் வெறுமனே இரை போட்டு வைத்து, தின்று பழகிய பிறகு பூட்டினேன். பொறுமை வேண்டும். எனக்கு அப்போது அது இல்லை, அதனால்தான் விஷத்துக்குப் போனேன்.

நீல நிற மெழுகுக் கட்டி. ரத்தம் உறையாமல் செய்யும் புரோடிஃபாகும் என்ற மருந்து. தின்ற எலி உடனே சாகாது. மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். அதற்குள் எங்கே போய்ச் சாகும் என்பது அதன் இஷ்டம். ஒன்று எங்கள் கூரைச் சீலிங்கில் செத்தது. இரண்டு வாரம் ஊதுபத்தியோடு சாப்பிட்டோம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து போகும் ஒரு பூனைக்கு அம்மா தினமும் சோறு போடுவார். அது நாலு நாள் தலைகாட்டவில்லை. ஐந்தாம் நாள் மோட்டார் கொட்டகையில் சுருண்டு கிடந்தது, ஈறு வெள்ளை வெளேரென்று. புக்கிட் மெர்தாஜாமில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். விஷம் தின்ற எலியைத் தின்றிருக்கும் என்றார். வைட்டமின் கே1, நாலு வாரம், தவறாமல். பிழைத்துக்கொண்டது. அந்தப் பில்லில் எண்பது மரப்பொறி வாங்கியிருக்கலாம். இந்த மருந்து தின்றவனின் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால்தான் அவ்வளவு நாள் சிகிச்சை.

பூனையை விட எனக்கு உறுத்தியது வேலிக்கு அந்தப் பக்கம். தோட்டத்தில் கம்பத்தின்மேல் பெட்டி நட்டுக் கூகை என்ற ஆந்தையை வளர்க்கிறார்கள். செம்பனைப் பழத்தை எலி தின்னாமல் இருக்க மலேசியத் தோட்டங்களில் பல காலமாக இருக்கும் வழக்கம்தான். ஒரு ஜோடி குஞ்சுகளோடு சேர்ந்து வருடத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்கிறார்கள். ஆந்தை கத்தினால் சாவு வரும் என்று சொல்லி வளர்ந்த அம்மா, முதலில் அந்தப் பெட்டியையே எடுக்கச் சொல்ல வேண்டும் என்றார். ஒருநாள் வேலியோரம் கட்டைவிரல் அளவில் ஒரு உருண்டை கிடந்தது. குச்சியால் பிரித்துக் காட்டினேன்: மயிர், நடுவில் சின்னச் சின்ன எலும்பு, ஒரு முழு மண்டையோடு. கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டுச் செரிக்காததைக் கக்குவது. அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். “சரி, இருந்துட்டுப் போகட்டும்” என்றார். நான் வைத்த விஷம் தின்று தள்ளாடும் எலியைத்தான் அது முதலில் பிடிக்கும். மிச்சமிருந்த கட்டிகளை அன்றே எடுத்துவிட்டேன். அதற்காகக் கூகை என் குசினிக்குள் வந்து சுண்டெலி பிடிக்கப் போவதில்லை, அது வெளிவேலைக்காரன்.

2021 நடுவில்தான் உருப்படியான வேலை நடந்தது, அதற்கு எந்தப் பொறியும் காரணமில்லை. கோழித் தீவனத்தைப் பிளாஸ்டிக் டிரம்மில் வைத்திருந்தோம். அடியில் எலி துளை போட்டு, தினமும் விருந்து. மளிகைக் கடையிலிருந்து பழைய பிஸ்கட் தகர டின் நாலு வாங்கி வந்து தீவனம், அரிசி, பருப்பு எல்லாவற்றையும் அதில் மாற்றினேன். மாலை ஆறரைக்கு மேல் கூட்டில் ஒரு பருக்கை இருக்கக் கூடாது என்றேன். அம்மாவோடு இரண்டு மாதம் சண்டை. “கோழி பசியோட படுக்குமா?” கோழி இருட்டில் தின்னாது என்பது என்னைவிட அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அடுத்து ஓட்டைகள். பென்சில் நுழையும் துளை இருந்தால் சுண்டெலி நுழையும். ஆறு மில்லிமீட்டர் போதும் அதற்கு. பெரிய எலிக்கு அதைப்போல இரண்டு மடங்கு. ராத்திரி குசினிக்குள் விளக்கைப் போட்டு வெளியே இருட்டில் நின்று பார்த்தேன். வெளிச்சம் கசிந்த இடமெல்லாம் சாக்குக்கட்டியால் குறித்தேன். இருபத்து மூன்று இடம்.

அடைத்ததில் எது நிலைத்தது என்றும் சொல்ல வேண்டும். இரும்புப் பஞ்சு ஒரே மழைக்காலத்தில் துருவாகி உதிர்ந்தது. ஸ்பிரே நுரையை ஒரு வாரத்தில் கொறித்துத் துப்பிவிட்டன. பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் சுருளைத் திணித்து மேலே சிலிக்கான் பூசியது இன்றும் அப்படியே இருக்கிறது. தகரக் கூரையின் அலைக்குக் கீழே கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலை. கதவடியில் ரப்பர் ஒட்டினேன், தின்றுவிட்டது. அலுமினியப் பட்டை அடித்த பிறகு தொல்லை இல்லை. மொத்தம் நூற்று இருபது வெள்ளிக்குள், நாலு ஞாயிற்றுக்கிழமை. இதை முதலிலேயே செய்திருந்தால் இப்படி எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

சுத்தம் செய்வதில் மட்டும் சோம்பல் கூடாது. எலிக் காய்ச்சலை இங்கே மலாய்க்காரர்கள் ‘கெஞ்சிங் தீக்குஸ்’, அதாவது எலி மூத்திரம் என்றே சொல்வார்கள். பெயரிலேயே காரணம் இருக்கிறது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரும் சேறும் காலில் உள்ள சிராய்ப்பு வழியாகவே உள்ளே போகும். 2010 முதல் மலேசியாவில் மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் அது. அம்மா கோழிக்கூட்டுக்கு வெறுங்காலோடுதான் போவார். ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்து, போடவைக்க ஆறு மாதம் ஆனது. புழுக்கையை உலர்ந்தபடி கூட்டாதீர்கள், தூசி மூக்கில் ஏறும். ஒரு பங்கு குளோரக்ஸ் பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு, கையுறையோடு துடைத்து எடுங்கள்.

பொறிகளின் இன்றைய நிலை: பன்னிரண்டில் ஏழு உயிரோடு இருக்கின்றன. மூன்றின் பலகை மழைக்காலத்தில் உப்பி, நாக்கு சிக்கி, தூக்கிப்போட்டேன். ஒன்றைப் பெரிய எலி காலில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டது. ஒன்றை அம்மா அடுப்பில் வைத்தார், வேண்டுமென்றேதான். ஸ்பிரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுகிறேன்; தேங்காய் எண்ணெய் விட்டால் எறும்பு வந்துவிடும். பிளாஸ்டிக் பொறியும் நாலு வாங்கினேன், ஒன்று எட்டு வெள்ளி. விரலைக் கடிக்காது, கழுவலாம், அம்மாவே பூட்டுவார். ஆனால் ஒரு வருடத்தில் ஸ்பிரிங் தளர்கிறது, வெயில் படும் இடத்தில் விரிசல் விடுகிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அதுதான் நல்லது, எனக்கு மரம்.

குசினிக்குள் கடைசியாகப் பொறி அடித்தது போன தீபாவளிக்கு முந்தின வாரம், முறுக்கு மாவு வாசனைக்கு வந்த ஒன்று. கோழிக்கூட்டில் மாதம் ஒன்று இரண்டு. மோட்டார் கொட்டகைப் பக்கம் மட்டும் பத்து நாளாகப் புழுக்கை கிடக்கிறது. எந்த வழியாக வருகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. சனிக்கிழமை ராத்திரி தரையில் மாவு தூவிவிட்டு, காலையில் கால்தடம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கப் போகிறேன். கோதுமை மாவு போதும் என்கிறேன் நான். அரிசி மாவுதான் தடம் காட்டும் என்கிறார் அம்மா.