பில் சொப்ட்வெயார் வைத்திருக்கிற கடைக்காரர் கவனத்திற்கு: மெசினைத் திருத்தக் கொடுத்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப வாங்காமல் வராதீர்கள்

களுவாஞ்சிகுடியில் உரக்கடை வைத்திருக்கிறோம். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி வருகிற படுவான்கரை ஆட்கள் பலர் கடனுக்குத்தான் எடுப்பார்கள். வேளாண்மை வெட்டியதும் தீர்ப்பார்கள். அந்தக் கடன் குறிப்பெல்லாம் பொக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸில் செய்த சொப்ட்வெயாரில் கிடக்கிறது. மைக்ரோசொப்ட் 2015 இலேயே கைவிட்ட சாமான்தான், ஆனால் எங்களுக்கு அது போதும்.

மெசின் மெதுவாக ஓடுகிறதென்று மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் கொடுத்தோம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்.எஸ்.டி. போட்டு, டேட்டாவையும் மாற்றித் தருவதாகப் பேச்சு. கொண்டுவந்து திறந்தால் மெமோ பைல் இல்லை என்று எரர். திருத்தினவர் பதிவுகள் இருக்கிற டிபிஎப் (.DBF) பைல்களை மட்டும் கொப்பி பண்ணி, கூட இருந்த எப்பிடி (.FPT) என்கிற மெமோ பைல்களை விட்டிருக்கிறார். திரும்பக் கொண்டுபோனதும் எங்கள் பென் டிரைவில் கிடந்த பழைய பெக்கப்பிலிருந்து எப்பிடியை எடுத்துப் போட்டார். "அதே பேர்தானே அண்ணே, ஒண்டும் ஆகாது." பழைய வாடிக்கையாளர் ஓரிருவரின் பக்கத்தைத் திறந்தும் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. பழைய டிஸ்க்கைக் கேட்டதற்கு, அது செத்துப்போயிற்று என்றார்.

பிறகு வெல்லாவெளி ஐயா ஒருவர் கணக்குத் தீர்க்க வந்தார். அவர் பக்கத்தில், "மருமகன் வந்து 3 மூட்டை யூரியா எடுத்தார்" என்று நிற்கிறது. "எனக்கேது மனே மருமகன்? பொம்புளப் புள்ளயே இல்லையே!"

நடந்தது இதுதான். டிபிஎப்பில் குறிப்பு இருக்காது, குறிப்பு எப்பிடியில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்ற எண் மட்டும்தான் இருக்கும். பழைய எப்பிடி சின்னது. நாங்கள் புதிதாக எழுதியதெல்லாம் அது முடிந்த இடத்திலிருந்து ஏறியிருக்கிறது. பெக்கப்புக்குப் பிறகு பதிந்த ஐயா போன்றவர்களின் டிபிஎப் பதிவுகள் அதே இட எண்களை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தன. ஒருவர் கடன் இன்னொருவர் தலையில். பெக்கப்புக்கு முந்திய ஆட்களைத் திறந்து பார்த்தால் பிழை தெரியவே தெரியாது.

சண்டை பிடித்துத்தான் பழைய டிஸ்க்கை வாங்கினோம். என் மருமகனின் லெப்டொப்பில் யூஎஸ்பி வயரால் கொழுவினால், செத்த டிஸ்க் நன்றாக ஓடுகிறது! முழு போல்டரையும் வேறோர் இடத்தில் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியைத் திறந்து, கடைசியாகப் போட்ட பில்களைக் கடதாசியோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் கடை மெசினில் வைத்தோம். இடையில் பதிந்தவற்றை பில் புத்தகத்தைப் பார்த்துக் கையால் ஏற்றினோம்.

கூட இருக்கிற சிடிஎக்ஸ் (.CDX) பைல் தொலைந்தால் பரவாயில்லை, அது வெறும் அட்டவணை, டிபிஎப்பிலிருந்து திரும்ப உருவாக்கலாம். எப்பிடியை அப்படி உருவாக்க முடியாது. டிபிஎப்பும் எப்பிடியும் ஒரே நேரத்தில் எடுத்த சோடியாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பெக்கப்பிலிருந்து போட்டுத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

காசு திரும்பி வரவில்லை. "சேர்விஸ் செய்தது செய்ததுதானே அண்ணே" என்கிறார்.