கடனுக்கு பிராஜெக்ட் ரிப்போர்ட்: லைவ்பிளானா, ஏஐயா, எக்செல்லா?

காங்கேயம் பக்கம் சிறியதாக ஒரு தேங்காய் எண்ணெய் ஆலை போட வங்கிக் கடன் கேட்டபோது, பிராஜெக்ட் ரிப்போர்ட்டை எதில் தயாரிப்பது என்று மூன்று வழிகளைப் பார்த்தேன். ஒன்று தொழில் திட்டம் எழுத உதவும் அமெரிக்க மென்பொருளான லைவ்பிளான், இன்னொன்று ஏஐ சாட்பாட், மூன்றாவது ஆடிட்டர்கள் கையில் இருக்கும் சிஎம்ஏ (கடனுக்கு வங்கி கேட்கும் நிதிக் கணக்குப் படிவங்கள்) எக்செல் ஷீட். மூன்றில் பார்க்கவே சகிக்காதது எக்செல்தான். நான் எடுத்ததும் அதைத்தான்.

லைவ்பிளானைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஒரிகான் மாநிலத்தின் யூஜீன் நகரில் இருக்கும் பாலோ ஆல்டோ சாஃப்ட்வேர் நிறுவனத்தின் தயாரிப்பு. முன்பு பிசினஸ் பிளான் ப்ரோ என்று கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளும் மென்பொருளை விற்றவர்களும் இவர்களே. யார் வாங்குவார்கள், என்ன விலை, போட்டி யார் என்று கேள்வி கேட்டுக் கேட்டு எழுத வைக்கும். 500-க்கும் மேற்பட்ட மாதிரித் திட்டங்கள் இருக்கின்றன. தொழிலைப் பற்றி யோசிக்க வைப்பதில் மூன்றிலும் இதுதான் முதல். ஆனால் டாலரில் சந்தா. அதைவிட, அது மனதில் வைத்திருப்பது அமெரிக்கக் கடன் முறையையும் முதலீட்டாளர்களையும். நம் வங்கி கேட்கும் சிஎம்ஏ படிவங்கள் அதில் இல்லை.

ஏஐ வேகம். தொழில் அறிமுகம், சந்தை நிலவரம், உற்பத்தி முறை எல்லாம் நல்ல ஆங்கிலத்தில் வந்துவிடும். எண்களில்தான் நம்பிக்கை வைக்க முடியாது. பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று நாமே கூட்டிப் பார்க்க வேண்டும். ஃபார்முலாவோடு எக்செல் ஃபைலே செய்து தரும் கட்டண வசதிகளும் வந்துவிட்டன. அவற்றை உறுதியாக மதிப்பிடும் அளவுக்கு நான் பயன்படுத்தவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது திருத்தம். வங்கிக்குப் போகும் ரிப்போர்ட் ஒருமுறை எழுதி முடிப்பதல்ல. மெஷின் கொட்டேஷன் மாறும், வட்டி கால் சதவீதம் ஏறும், "ஆறு மாதம் மாரட்டோரியம் (தவணை தள்ளிவைப்பு) வைத்துக் கொண்டு வாங்க" என்பார்கள். எங்கள் தொழிலில் கொப்பரை விலையும் மாறிக்கொண்டே இருக்கும். 2025-இல் அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அதே ஆண்டின் நடுவில் சந்தையில் கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனது. ஏப்ரலில் எழுதிய ரிப்போர்ட் ஜூலையில் செல்லாக்காசு.

நல்ல சிஎம்ஏ ஷீட்டில் முதல் பக்கம் அனுமானங்கள். கொப்பரை விலை, எத்தனை சதவீதம் எண்ணெய் இறங்கும், புண்ணாக்கு என்ன விலைக்குப் போகும், கடைக்காரருக்கு எத்தனை நாள் கடன் என்று எல்லாம் அங்கேதான். ஒரு கட்டத்தை மாற்றினால் லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், டிஎஸ்சிஆர் (கட்ட வேண்டிய வட்டி, தவணையைப் போல வருமானம் எத்தனை மடங்கு என்று காட்டும் விகிதம்) வரை எல்லாம் மாறிவிடும். கடன் அதிகாரி முதலில் புரட்டுவது டிஎஸ்சிஆர் பக்கம். லாபம் 4 லட்சம், தேய்மானம் 3, வட்டி 2, மொத்தம் 9 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்ட வேண்டியது வட்டி 2, தவணை 4, ஆக 6. விகிதம் 1.5, சிரித்துக்கொண்டே வாங்குவார். கொப்பரை ஏறி லாபம் 2 லட்சமானால் 1.17, முகம் மாறிவிடும். இதை வங்கிக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது எக்செல்லில்தான்.

நடைமுறை மூலதனமும் அப்படித்தான். சிறு தொழில்களுக்கு ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டி சொன்ன முறையில் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் தேவை என்று எடுத்து, 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதம் நம் கையில் இருந்து. விற்பனை 60 லட்சம் என்றால் சிசி (கேஷ் கிரெடிட், அதாவது நடைமுறை மூலதனக் கடன்) லிமிட் 12 லட்சம், நம் பங்கு 3 லட்சம். அதிகாரி மனதுக்குள் போடும் கணக்கே ஷீட்டிலும் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

எக்செல்லுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு: அதற்கு எதிர்க்கேள்வி கேட்கத் தெரியாது. விற்பனையை இரண்டு மடங்காகப் போட்டாலும் பேசாமல் டிஎஸ்சிஆர் 2.5 என்று காட்டும். எழுத்துப் பகுதியை எப்படியும் வேர்டில் தனியாகத்தான் செய்ய வேண்டும். அதற்கு நான் ஏஐயைத்தான் வைத்துக்கொண்டேன்.

முத்ராவில் 50,000 ரூபாய் சிசு கடன் கேட்பவருக்கு இதில் எதுவுமே வேண்டாம், விண்ணப்பப் படிவமே போதும். முதலீட்டாளரைத் தேடும் ஸ்டார்ட்அப் என்றால் லைவ்பிளான் பக்கம் போகலாம் என்று தோன்றுகிறது, அந்த வழியில் நான் போனதில்லை. மத்திய அரசின் பிஎம்இஜிபி, தமிழக அரசின் நீட்ஸ் மாதிரி மானியத் திட்டங்களில் டெர்ம் லோனும் (தவணைக் கடன்) சிசியும் கேட்பவர் ஆடிட்டரிடம் ஷீட் வாங்கும்போது பிடிஎஃப்பை ஒத்துக்கொள்ள வேண்டாம். ஃபார்முலா உள்ள ஃபைலையே கேளுங்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டித் தருபவர்களும் உண்டு, அதனால் பீஸ் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்.