யூவெர்ஷன் பைபிள் ஆப்: ஸ்ட்ரீக்கை விட்டுட்டு அதிகாரத்தைப் படிங்க

படிப்பு முடிஞ்சு வேலைன்னு வந்ததும் நிறைய பேருக்கு முதல்ல விட்டுப்போறது வேதவாசிப்புதான். கேட்டா "போன்ல யூவெர்ஷன் இருக்கே"ன்னு சொல்வாங்க. இருக்கு சரி, அது நம்மளை விசுவாசத்துல நிக்க வைக்குதாங்கறதுதான் கேள்வி, ரொம்ப நாளா யூஸ் பண்றதால எனக்குத் தோணறதை சொல்றேன்.

அமெரிக்காவுல ஓக்லஹோமால இருக்கற லைஃப் சர்ச்ங்கற சபைதான் இதை நடத்துது. 2008ல ஆப்பிளோட ஆப் ஸ்டோர் திறந்தப்பவே வந்த ஆப், இப்பவும் ஃப்ரீ, விளம்பரம் கிடையாது. தியானத்துக்கு நடுவுல லோன் வேணுமான்னு எவனும் கேட்காம இருக்கறதே பெரிய நிம்மதி. தமிழ்ல நாம கேட்டு வளர்ந்த பழைய மொழிபெயர்ப்பும் இருக்கு, எளிய நடையில வந்ததும் இருக்கு.

எனக்கு இடிக்கறது அந்த ஸ்ட்ரீக்தான், அதாவது தொடர்ந்து எத்தனை நாள் வந்தோம்னு ஆப் காட்டற கணக்கு. ஆப்பைத் திறந்தாலே அன்னைக்குக் கணக்கு ஏறிடும், தூங்கறதுக்கு முன்னாடி அவசரமா திறந்து மூடினாலும் ஏறும், அதனால 200 நாள்னு காட்டினா 200 நாள் படிச்சோம்னு அர்த்தம் இல்ல. நம்பர் போயிடுமேன்னு திறக்கறதும் ஆண்டவரைத் தேடித் திறக்கறதும் ஒண்ணா சொல்லுங்க.

அப்புறம் இன்றைய வசனம். ஒரு வசனத்தை அழகான படத்துமேல போட்டுக் குடுத்துடுவாங்க, நாமளும் ஸ்டேட்டஸ்ல வச்சுட்டுப் போயிடுவோம். வாலிபர்கள் அதிகமா ஷேர் பண்றது எரேமியா 29:11ஆ தான் இருக்கும், தேவன் நம்மளைப் பத்தி சமாதானத்துக்கான நினைவுகள் வச்சிருக்கார்னு வருமே அதுதான், இன்டர்வியூவுக்கு முன்னாடி கண்டிப்பா வரும். ஆனா அது பாபிலோனுக்கு சிறை போனவங்களுக்கு எரேமியா எழுதின கடிதம். முந்தின வசனத்துலயே 70 வருஷம் ஆகும்னு இருக்கு, 5வது வசனத்துல வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்கன்னு வருது, 7ல நீங்க இருக்கற அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கன்னு வருது. நினைச்ச வேலை கிடைக்காம, பிடிக்காத ஊர்ல மாட்டிக்கிட்டு இருக்கறவனுக்கு இந்த முழுக் கடிதமும்தான் ஆறுதல், ஒத்த வரியில அது பாதிகூட வராது. சங்கீதம் 88ஐ எடுத்துக்கோங்க, கடைசி வரைக்கும் இருட்டுதான், நல்லபடியா முடியவே முடியாது, அப்படி ஒரு ஜெபமும் வேதத்துல இருக்குன்னு படத்துமேல போட்ட வசனத்தை மட்டும் பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?

உண்மையிலேயே பிரயோஜனமான விஷயங்கள் கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. ஆடியோ இருக்கு, பஸ்ல நின்னுக்கிட்டே ஒரு அதிகாரம் கேட்டுடலாம். தினம் இவ்வளவுன்னு பிரிச்சுக் குடுக்கற வாசிப்பு பிளானை ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து படிக்கலாம், ஒவ்வொரு நாள் முடிவுலயும் பேசிக்க ஒரு இடம் இருக்கும், மூணு பேர் போதும், நீங்க ரெண்டு நாள் காணோம்னா எங்கடான்னு கேட்க ஆள் இருக்கு, ஆப்போட நோட்டிஃபிகேஷனை ஸ்வைப் பண்ணித் தள்ளற மாதிரி அவங்களைத் தள்ள முடியாது. நாள் விட்டுப்போனா தேதியைத் தள்ளி வச்சுக்கற வசதியும் இருக்கு, விட்டுட்டோமேங்கற குற்ற உணர்வுலயே மொத்தமா நிறுத்திடறவங்களுக்கு இது ரொம்பத் தேவை.

பிளான்கள்ல குட்டிக்குட்டியா அஞ்சு நாள்ல கவலையை ஜெயிக்கலாம்ங்கற டைப் நிறைய, அதுல பாதி யாரோ எழுதின கட்டுரையா இருக்கும், வேதம் ரெண்டு வசனம்தான். அதுக்கு பதிலா புதிய ஏற்பாட்டையே படிங்க, மொத்தம் 260 அதிகாரம், வாரத்துல அஞ்சு நாள் ஒவ்வொண்ணு படிச்சா சரியா 52 வாரம், சனி ஞாயிறு விட்டதைப் பிடிச்சுக்கலாம். மாற்கு சுவிசேஷத்துல ஆரம்பிங்க, 16 அதிகாரம்தான், வேகமா போகும்.

என் ரேட்டிங் 5க்கு 4. சபைக்குப் போறதுக்கு பதிலா இது போதும்னு நினைக்கறவங்களுக்கு 2 தான் குடுப்பேன், உங்களுக்கு ஒடம்பு முடியலன்னா வீட்டுக்கு வந்து பக்கத்துல உட்கார்ந்து ஜெபம் பண்ண எந்த ஆப்பாலயும் முடியாது. மத்தவங்க தாராளமா போட்டுக்கலாம், போட்டதும் செட்டிங்ஸ்ல போய் பாதி நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிடுங்க.