நாடக இயக்கம் படிக்க டெல்லியா, புதுச்சேரியா, திருச்சூரா, ஹெக்கோடா?

நாடகம் இயக்கக் கற்றுக்கொள்ள எங்கே சேரலாம் என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் யோசிக்காமல் வரும் பதில் டெல்லி தேசிய நாடகப் பள்ளி. தப்பான பதில் இல்லை. ஆனால் எல்லோருக்கும் பொருந்தும் பதிலும் இல்லை. நடிகர் எங்கே போனாலும் அவருடைய உடம்பும் குரலும் கூடவே வரும். தனியறையில்கூடப் பயிற்சி எடுக்கலாம். இயக்குநர் தனியாக எதையும் பழக முடியாது. அவருக்கு நடிகர்கள் வேண்டும், மேடை வேண்டும், விளக்கு வேண்டும், அரங்கு, அதாவது மேடை அமைப்பு, கட்ட ஆள் வேண்டும், செய்ததைப் பார்த்து எழுந்து போகவோ கைதட்டவோ நாலு பேர் வேண்டும். இவையெல்லாம் எந்தப் பள்ளியில் எவ்வளவு கிடைக்கும், எந்த மொழியில் கிடைக்கும் என்பதை வைத்துத்தான் இந்த நாலு இடங்களையும் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இயக்கம் தனி, மேடைத் தயாரிப்பு தனி என்று பிரித்துப் படிக்கவே முடியாது. எந்த நாடகக் குழுவிலாவது டெக்னிகல் ரிகர்சல், அதாவது விளக்கையும் அரங்கையும் சரிபார்க்கும் ஒத்திகை, நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். நடிகை மேடையோர மறைவான இடது விங்கிலிருந்து வந்து நடுவிலிருக்கும் கட்டிலில் உட்கார்கிறாள். வசனத்தின் கடைசிச் சொல்லில் மேடை இருண்டு, அவள் முகத்தில் மட்டும் வெளிச்சம் நிற்க வேண்டும். விளக்கு சரியாகத்தான் குறைகிறது, ஆனால் முகம் பாதி இருட்டில். காரணம் தேடினால், மேடைப் பலகையை மாற்றிப் போட்டபோது கட்டில் நாலு விரற்கடை தள்ளிப் போயிருக்கிறது. இப்போது கட்டிலை நகர்த்துவதா, ஏணி வைத்து விளக்கைத் திருப்புவதா, நடிகையைச் சற்று முன்னால் உட்காரச் சொல்வதா? கட்டிலை நகர்த்தினால் அடுத்த காட்சியில் கதவு முழுதாகத் திறக்காது. ஏணி ஏறினால் அரை மணி நேரம் போகும். அங்கே எல்லோரும் திரும்பிப் பார்ப்பது இயக்குநரைத்தான். ஒரு விளக்கைத் தன் கையால் கட்டிப் பார்க்காதவர் அந்த நேரத்தில் சொல்லும் முடிவு பெரும்பாலும் வீண். பள்ளிக்கூடம் என்பது இந்த மாதிரி ராத்திரிகளை மாணவருக்கு எத்தனை தரும் என்பதுதான் என் கணக்கு.

டெல்லி

தேசிய நாடகப் பள்ளி 1959இல் மத்திய அரசின் கலை அமைப்பான சங்கீத நாடக அகாதெமியின் கீழ் தொடங்கியது; 1975இல் தனி நிறுவனமானது. 1962 முதல் 1977 வரை நாடக இயக்குநர் இப்ராஹிம் அல்காஸி பள்ளியின் தலைவராக இருந்த காலத்தில்தான் அதற்கு இன்றிருக்கும் உருவம் வந்தது. இலக்கியம், உடை, அரங்கமைப்பு, விளக்கு எல்லாவற்றையும் கண்டிப்பான ஒழுங்கோடு படிக்க வேண்டும் என்ற பழக்கம் அவர் ஏற்படுத்தியது.

மூன்று வருடப் படிப்பு. முதல் வருடம் எல்லோருக்கும் பொது. அப்புறம் நடிப்பு ஒரு கிளை. வடிவமைப்பு, நுட்பம், இயக்கம் மூன்றும் சேர்ந்தது இன்னொரு கிளை. இந்தச் சேர்க்கைதான் டெல்லியின் பெரிய பலம். இயக்கம் படிப்பவர் விளக்கையும் அரங்கமைப்பையும் தட்டிக்கழிக்க முடியாது. வளாகத்திலேயே அபிமஞ்ச், சம்முக், பகுமுக் என்று நாடகக் கூடங்கள் இருக்கின்றன. தையலகம், தச்சுப் பட்டறை, வெளியிலிருந்து வரும் இயக்குநர்கள், 1964இலிருந்து இயங்கும் பள்ளியின் சொந்த நாடகக் குழு, 1999இல் தொடங்கிய பாரத் ரங் மகோத்சவ் நாடக விழா என்று எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில். உதவித்தொகையும் உண்டு. கடைசி வருடம் இயக்க மாணவர் தன் பெயரில் ஒரு முழு நாடகத்தை மேடையேற்ற வேண்டும். வசதி என்று பார்த்தால் இந்தியாவில் இதற்கு ஈடு இல்லை.

சிக்கல் மொழியில் இருக்கிறது. மாணவர் நாடகங்கள் பெரும்பாலும் இந்தியில். வாசகம் புரிந்தால் மட்டும் இயக்கிவிட முடியாது. நடிகர் ஒரு சொல்லை எங்கே இழுக்கிறார், எங்கே விழுங்குகிறார், எந்த ஊர் வாடை அடிக்கிறது என்று காது கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு இந்தியில் அந்தக் காது வர வருடங்கள் ஆகும். அதுவரை மேடையின் காட்சியழகைத்தான் நம்பியிருக்க வேண்டியிருக்கும். டெல்லியில் படித்துவிட்டு வந்து செய்யும் முதல் தமிழ் நாடகங்களில் படம் அழகாக இருந்து பேச்சு மட்டும் மரத்துப்போயிருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

இதைத் தாண்டியவர்களும் உண்டு. நாங்குநேரிக்காரரான நாடக இயக்குநர் சே. ராமானுஜம் அல்காஸியிடம் படித்தவர். திரும்பி வந்து காந்திகிராமத்திலும் திருச்சூரிலும் தஞ்சாவூரிலும் வேலை செய்தார்; கிரேக்கத் துன்பியல் நாடகத்தை ஒப்பாரியின் குரலில் தமிழாக்கி நிறுத்தினார். டெல்லியில் கற்ற ஒழுங்கு, ஊரில் கேட்டு வளர்ந்த காது, இரண்டும் அவரிடம் சேர்ந்தன. முன்னதை மட்டும்தான் டெல்லி தரும்.

புதுச்சேரி

தமிழ் நாடக முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் 1980களின் கடைசியில் தொடங்கிய நாடகப் பள்ளிதான் இப்போதைய நிகழ்கலைத் துறை. முதல் பொறுப்பாளர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. பின்னால் கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் தலைமை ஏற்றார்கள். நாடகத்தில் இரண்டு வருட முதுகலையும் முனைவர் பட்டமும் உண்டு. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் பொது நுழைவுத் தேர்வு வழியாக முயலலாம். மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் செலவு கட்டுக்குள் இருக்கும்.

சொல்லப்போனால் வசதியில் டெல்லியோடு ஒப்பிட முடியாது. இரண்டு வருடத்தில் நடிப்பு, இயக்கம், அரங்க வரலாறு, ஆய்வு என்று எல்லாவற்றையும் தொட வேண்டியிருப்பதால் விளக்கு, அரங்கமைப்பு போன்றவற்றில் கை பழக நேரம் போதாது. பல்கலைக்கழகத் துறைக்கே உரிய தேர்வும் கட்டுரையும் ஒத்திகை நேரத்தைத் தின்னும். மாணவர் தானாக முன்வந்து ஏணி ஏறாவிட்டால், விளக்கைத் தொடாமலே பட்டம் வாங்கிவிட முடியும்.

ஆனாலும் தமிழில் நாடகம் செய்ய நினைப்பவருக்கு என் முதல் தேர்வு இதுதான். காரணம் துறைக்குள்ளே பாதி, வெளியே பாதி. நடிகரோடு தமிழில் வேலை செய்யலாம், தமிழ்ப் பார்வையாளர் முன்னால் வைக்கலாம். அது ஒன்றே பெரிய காரியம். வெளியே வந்தால் ஆரோவில் பக்கம் வீணாபாணி சாவ்லா நிறுவிய ஆதிசக்தி நாடகக் குழு. ஊருக்குள் குமரன் வளவனின் இந்தியனோஸ்ட்ரம் நாடகக் குழு. கொஞ்சம் வடக்கே போனால் புரிசை, தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். பிரெஞ்சு இயக்குநர் அரியான் முனூஷ்கினின் தெயாத்ர் து சொலேய் குழு புதுச்சேரிக்கு வந்து தங்கி, புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானிடம் கூத்து பயின்று, அதை வைத்து 2016இல் பாரிஸில் நாடகம் போட்டது. பாரிஸிலிருந்து வந்து படித்துப்போன விஷயம் இங்கே பேருந்து தூரத்தில் இருக்கிறது.

கூத்தில் இயக்க மாணவர் பார்க்க வேண்டியது என்ன என்று கேட்கலாம். வேடம் களத்துக்கு வரும் திரைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளேயிருந்து பாட்டு வருகிறது. மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால். முகம் தெரியாது. கூத்தை நடத்திச் செல்லும் கட்டியக்காரன், வருவது யார் என்று விசாரிக்கிறான், கூட்டம் முன்னால் சரிகிறது, அப்புறம்தான் திரை விலகுகிறது. ஒரு பாத்திரத்தை எப்போது காட்டுவது, எவ்வளவு நேரம் மறைத்து வைப்பது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு எதையும் எனக்குத் தெரியாது. மின்விளக்கு ஒன்றுகூடத் தேவைப்படாத நுட்பம் அது.

திருச்சூர்

கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி, 1977இல் மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப் பிள்ளை முன்னின்று தொடங்கியது. திருச்சூரின் அரணாட்டுக்கரையில் இருக்கிறது. இதன் தனிச் சிறப்பு, பிளஸ் டூ முடித்ததுமே நாடகத்தில் இளங்கலை சேரலாம் என்பது. டெல்லியும் புதுச்சேரியும் பட்டம் முடித்தவர்களுக்கானவை. பதினெட்டு வயதில் இதுதான் என் வேலை என்று தெரிந்துவிட்ட பிள்ளை, வேறு ஏதோ ஒரு பட்டத்தில் மூன்று வருடத்தைக் கரைக்க வேண்டாம்.

மலையாளம் தமிழ்க் காதுக்கு இந்தியை விட எவ்வளவோ பக்கம். ஒரு வருடம் விடுதியில் இருந்தால் பேச்சு பிடிபட்டுவிடும். ஊரும் நாடகம் பார்க்கும் ஊர். 2008இலிருந்து கேரள சங்கீத நாடக அகாதெமி நடத்தும் சர்வதேச நாடக விழா அங்கேதான் நடக்கிறது. வெளிநாட்டுக் குழு தன் அரங்கை இறக்கிப் பூட்டுவதை மாணவப் பருவத்திலேயே பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைப்பது சாதாரண விஷயமா? விழாவில் தன்னார்வலராக வேலை கேட்டுச் சேர்ந்துவிட வேண்டும்.

ஹெக்கோடு

கர்நாடகத்தில் சாகர் பக்கம் ஒரு சின்ன ஊர். 1949இல் தொடங்கிய நீநாசம் நாடக அமைப்பை வளர்த்தெடுத்தவர் கே.வி. சுப்பண்ணா, 1991இல் மகசேசே விருது பெற்றவர். அங்கே 1980இலிருந்து நாடகப் பயிற்சிப் பள்ளி நடக்கிறது. ஒரு வருடப் படிப்பு, கன்னடத்தில்.

இயக்கத்துக்கென்று தனிக் கிளை இங்கே இல்லை. எல்லோரும் எல்லாம் செய்ய வேண்டும். ஆனால் தயாரிப்பு என்றால் என்ன என்று நிஜமாகத் தெரிய வேண்டுமானால், நாலு இடங்களில் இதுதான் முதலிடம். 1985இல் தொடங்கிய ‘திருகாட்ட’ என்ற அவர்களுடைய சுற்றுப்பயணக் குழு வருடாவருடம் நாடகங்களை எடுத்துக்கொண்டு கர்நாடகம் முழுக்கப் போகிறது. இன்றைக்கு ஒரு டவுன் ஹால், நாளைக்கு ஒரு பள்ளிக்கூட மைதானம். அதே அரங்கை இறக்கி, பூட்டி, விளக்கு கட்டி, ஆடி, ராத்திரியே கழற்றி ஏற்ற வேண்டும். அப்படிச் சுற்றிய ஒருவர் வரைந்துதரும் அரங்கு, வண்டியில் ஏறும், கதவில் நுழையும், ஒரு மணி நேரத்தில் நிற்கும். கன்னடம் படிக்கத் தயார் என்றால் மட்டுமே இந்த வழி. மொழி தெரியாமல் போய் வேடிக்கை பார்க்க ஒரு வருடம் ரொம்ப அதிகம்.

சென்னையில் கூத்துப்பட்டறை இருக்கிறதே என்பார்கள். 1977இல் ந. முத்துசாமி தொடங்கியது, பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றவர்களைத் தந்தது. ஆனால் அது நடிகர்களுக்கான பட்டறை. இயக்கத்தைப் பாடமாகப் படிக்க வருபவருக்கு அது துணைதான்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பிளஸ் டூ முடித்திருந்தால் திருச்சூர். தயக்கமே வேண்டாம். பட்டம் முடித்தவர், இன்னும் ஒரு நாடகம்கூடத் தானாக இயக்கிப் பார்க்காதவர் என்றால் புதுச்சேரி. அங்கே வாரக்கடைசிகளைப் புரிசையிலும் ஆதிசக்தியிலும் செலவழித்தால் துறையில் குறைவது ஓரளவு நிரம்பும். ஏற்கெனவே தமிழில் நாலைந்து நாடகம் செய்து, தன் காது எது என்று தெரிந்து, இனி எனக்கு நுட்பமும் ஒழுங்கும்தான் குறை என்று உணர்ந்தவர் டெல்லிக்குப் போகட்டும். இருபத்தொரு வயதில் முதல் முயற்சியாகப் போவதை விட இருபத்தைந்தில் போவது நல்லது என்று நினைக்கிறேன். வயது வரம்பு முப்பது, சலுகைப் பிரிவினருக்குத் தளர்வும் உண்டு. அவசரப்பட ஒன்றுமில்லை.

டெல்லியை மனதில் வைத்திருப்பவர்கள் ஒரு வேலையை இன்றே தொடங்க வேண்டும். விண்ணப்பிக்க, பட்டத்தோடு ஆறு நாடகங்களிலாவது பங்கெடுத்திருக்க வேண்டும். நடிகராக மட்டுமில்லாமல் மேடைக்குப் பின்னால் செய்த வேலையையும் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாடகத்தின் துண்டறிக்கை, பத்திரிகைச் செய்தி, இயக்குநரின் கடிதம், உங்கள் கைப்பட எழுதிய விளக்குக் குறிப்பு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். முதல் சுற்று நேர்காணல் பல நகரங்களில் நடக்கும். அதில் தேறினால் டெல்லியில் சில நாள் பட்டறை வைத்துத்தான் தேர்வு செய்கிறார்கள். கூடி வேலை செய்யும்போது ஒருவர் எப்படி இருக்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும். ஆறு நாடகங்களில் ஒன்றிலாவது ஸ்டேஜ் மேனேஜராக நின்று, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, விளக்கும் ஒலியும் மாற வேண்டிய நேரத்தைச் சொல்லும் கியூ கொடுத்திருந்தால் அந்தச் சில நாட்களில் தடுமாற மாட்டீர்கள்.