சரவாங்கி வாதமும் கை எக்சர்சைஸும்: ஆறு வருசம் செஞ்சு பாத்த அனுபவம்

எனக்கு திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம். 16 வயசுல சொளவ (முறத்த) மடியில வச்சு பீடி சுத்த உக்காந்தவ, 2018ல ரெண்டு மணிக்கட்டும் வீங்கி, காலைல 9 மணி வரைக்கும் விரல மடக்க முடியாமப் போனப்பதான் சொளவ எறக்கி வச்சேன். பீடி சுத்தித்தான் இப்படி ஆச்சுன்னு தெருவே சொல்லிச்சு. எனக்கு வந்தது சரவாங்கி வாதம், இங்கிலீஷ்ல ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். விரல் வேலையால வார நோய் இல்ல இது, நம்ம ஒடம்போட எதிர்ப்பு சக்தியே நம்ம மூட்டுக்குள்ள இருக்க சவ்வ எதிரின்னு நெனச்சு தாக்குது, அதான் ரெண்டு கையிலயும் ஒண்ணு போல வருது, பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்கள விட ரெண்டு மூணு மடங்கு கூட வருது.

எக்சர்சைஸ் ஆரம்பிக்கப் போற எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். எனக்கு அது வலிய பெருசா கொறைக்கல. ஆனா கைய திருப்பித் தந்துச்சு. இத யாராவது மொதல்லயே சொல்லிருந்தா, வலி போகலையேன்னு மூணாவது மாசம் விட்டிருக்க மாட்டேன், அதுல ஒரு வருசம் போச்சு எனக்கு. பொறவு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரில பிசியோதெரபி பாக்க பிள்ளதான் சொல்லிச்சு, இங்கிலாந்துல 490 பேர வச்சு கை எக்சர்சைஸ சோதிச்சு 2015ல முடிவு வெளியிட்டாங்களாம், ஒரு வருசம் கழிச்சு பாத்தா செஞ்சவங்களுக்கு கை நல்லா வேலை செஞ்சுதாம், வலியில மட்டும் பெரிய வித்தியாசம் இல்லையாம். அதக் கேட்டதும் மனசுக்கு அவ்வளவு ஆறுதலா இருந்துச்சு, நான் தப்பா செய்யலன்னு.

மொத வருசம் எங்கம்மா, "ஏட்டி, நோவுத கைய எதுக்குட்டி போட்டு ஆட்டுத, சும்மா வச்சிரு"ன்னு சொல்லுவா. பாசத்துல சொன்னதுதான். ஆனா சும்மா வச்சு வச்சே பெருவிரலுக்கு கீழ உள்ள சதை வத்திப் போச்சு, நோயும் சேந்து விரலெல்லாம் சுண்டுவிரல் பக்கமா சாய ஆரம்பிச்சிச்சு.

இப்ப செய்யுதது இதான். காலைல எந்திரிச்ச உடனே செய்ய மாட்டேன், கை கட்ட மாதிரி இருக்கும். வெந்நில 10 நிமிசம் கைய வச்சிட்டு, பொறவு விரல கொக்கி மாதிரி மடக்கி நீட்டுறது, பெருவிரலால ஒவ்வொரு விரல் நுனியா தொடுறது, மணிக்கட்ட மேலயும் கீழயும் மெதுவா மடக்குறது, கைய பின்னந்தலைக்கும் இடுப்புக்குப் பின்னாலயும் கொண்டு போறது. எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு, உள்ளங்கைய மேசைல பரப்பி வச்சு ஒவ்வொரு விரலா பெருவிரல் பக்கமா நகத்தணும், விரல் சாயுத பக்கத்துக்கு நேர் எதிரா. பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், முதல் வாரம் எனக்கு வேர்த்துருச்சு.

சாயங்காலம் பலத்துக்கு. எக்சர்சைஸுக்குள்ள நீளமான ரப்பர் பேண்ட பிடிச்சிக்கிட்டு மணிக்கட்ட தூக்குறது, புட்டின்னு களிமண்ணு மாதிரி ஒண்ணு இருக்கு, அத பிசையுறது, ரெண்டு விரலால கிள்ளுறது. புட்டி நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு இளகி கையோட ஒட்டிரும், தண்ணிப்பானை பக்கத்துல வச்சா சரியா இருக்கு. அது தீந்த மாசம் சப்பாத்தி மாவ வச்சே செஞ்சேன், அதுவும் போதும். ரப்பர் பேண்டு கீறல் விழுந்தா தூக்கிப் போட்டுருங்க, எனக்கு ஒருநா அறுந்து முகத்துல அடிச்சிட்டு.

வீக்கம் ஏறி மூட்டு சூடா இருக்க அன்னைக்கு புட்டியத் தொடவே மாட்டேன். விரல மெதுவா முழுசா ரெண்டு மூணு தடவ மடக்கி நீட்டுறதோட சரி. ஆனி ஆடி சாரல் காத்துல எனக்கு இறுக்கம் கூடும், அந்த ரெண்டு மாசம் எண்ணிக்கைய பாதியாக்கிருவேன், ஆனா ஒரு நாளும் அடியோட விட மாட்டேன், விட்டா திரும்ப பிடிக்கது பெரும்பாடு. அளவு தெரிய அந்த பிசியோதெரபி பிள்ள சொன்ன கணக்கு, செஞ்சு முடிச்சு 2 மணி நேரம் தாண்டியும் வலி கூடி நின்னா அன்னைக்கு அதிகமா செஞ்சிருக்கோம், மறுநா கொறைக்கணும்.

நடையும் உண்டு, 10 நிமிசத்துல ஆரம்பிச்சு இப்ப ஆத்துப் பக்கம் 30 நிமிசம், வாரம் 5 நாள். இந்த நோய் இருக்கவங்களுக்கு மாரடைப்பு ஆபத்தும் கூடங்காங்க, ஸ்டீராய்டு சாப்பிட்டா எலும்பும் தேயும், அதுக்காகவாவது நடந்துருங்க.

ஒரு தப்பையும் சொல்லிருதேன். ஒரு எடத்துல யோகா கிளாஸ்ல எல்லாரையும் போல என்னையும் கழுத்த சுத்தச் சொன்னாங்க, நோய் என்னன்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல. பின்னந்தலை வலின்னு டாக்டர்ட்ட போனப்ப ஒடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க. சரவாங்கில கழுத்தோட மேல் ரெண்டு எலும்புக்கு நடுவுல உள்ள மூட்டு தளந்து போவ வாய்ப்பிருக்காம், அப்படி இருந்தா தண்டுவடத்த அமுக்கிரும். எனக்கு ஒண்ணும் இல்ல, தப்பிச்சேன். கழுத்து சுத்துறது, தலகீழா நிக்கிறது இதெல்லாம் டாக்டர கேக்காம செய்யாதீங்க.

மாத்திரைய நிறுத்திட்டு எக்சர்சைஸ் மட்டும் போதும்னும் யாரும் நெனச்சிராதீங்க. சரவாங்கிக்கு குடுக்க மெத்தோட்ரெக்சேட் நான் இன்னும் சாப்பிடுதேன், வாரத்துல ஒரே நாள் சாப்பிடுத மாத்திரை அது, தெரியாம தினமும் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து, அதனால காலண்டர்ல அந்தக் கிழமைய வட்டம் போட்டு வச்சிருக்கேன்.

சேலைய இன்னும் பிழிய முடியல, தேங்கா துருவ முடியல. ஜாக்கெட் கொக்கி நானே மாட்டுதேன், ஊக்கு குத்துதேன், ஒரு குடம் தண்ணிய இடுப்புல வச்சு கொண்டாந்துருவேன். எம்மவ மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேல வச்சு, கைய மூடும்போது விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அளந்து நோட்டுல எழுதுவா. தொடக்கத்துல 3 சென்டிமீட்டர் இருந்துச்சு, இப்ப எல்லா விரலும் தொட்டுருது, எடது சுண்டுவிரல் மட்டும் 1 சென்டிமீட்டர் நிக்குது. அந்த விரலுக்கு மட்டும் ராத்திரி படுக்க முன்னால இன்னொரு தடவ செய்யுதேன்.