கப்பல் டொக்டர் எழுதிய நாவல், வாங்கலாமா?

திருகோணமலையில் நான் கேட்ட எந்தக் கடையிலும் இந்தப் புத்தகம் இல்லை. கடைசியில் கொழும்பில் ஒரு ஒன்லைன் கடைக்கு ஓடர் போட்டேன். ஒரு கிழமையில் வரும் என்றார்கள், மூன்று கிழமை கழித்து அட்டையின் மூலை மடங்கி வந்து சேர்ந்தது. அந்தக் கடைப் பக்கம் இனிப் போகமாட்டேன். ஆனால் இந்தப் புத்தகத்துக்கு எத்தனை கிழமை வேண்டுமானாலும் காத்திருக்கலாம்.

ஒல்லாந்துக் கவிஞர் ஸ்லாவர்ஹோஃப் 1932இல் எழுதிய நாவல். ஆங்கிலத்தில் 'த ஃபொர்பிடன் கிங்டம்', மொழிபெயர்ப்பு போல் வின்சென்ட், புஷ்கின் பிரஸ் வெளியீடு.

எங்கள் ஊரில் ஒல்லாந்தர் என்றால் கோட்டை, பீரங்கி, 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த கதை, டச் பே என்ற கடற்கரையின் பெயர், அவ்வளவுதான். அந்த ஆட்களுக்குள் இப்படி ஒரு மனிதன் இருந்திருப்பான் என்று நான் யோசித்ததே இல்லை. 1898இல் லேவார்டனில் பிறந்து, அம்ஸ்டர்டாமில் மருத்துவம் படித்து, கப்பல் டொக்டராகப் போனவர். சின்ன வயதிலேயே ஆஸ்துமா, பிறகு மலேரியா, காசநோய் என்று எல்லாம் சேர்ந்துகொண்டது, அந்த உடம்போடுதான் ஜாவா, சீனா, ஜப்பான் என்று போகிற கப்பல்களில் வைத்தியம் பார்த்துக்கொண்டே கவிதையும் எழுதினார். 1930இல் டார்யா கொலின் என்ற நடனக் கலைஞரைக் கல்யாணம் செய்தார். 1932இல் பிள்ளை இறந்தே பிறந்தது, கல்யாணமும் நிலைக்கவில்லை. என் கவிதைகளுக்குள் மட்டும்தான் என்னால் குடியிருக்க முடியும் என்று ஒரு கவிதையில் சொல்கிறார். அதை இணையத்தில் தேடி வாசித்தேன். இடம்பெயர்ந்து முகாமிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் வளர்ந்த எனக்கு, அன்று அதற்குமேல் எதுவும் வாசிக்க முடியவில்லை.

சரி, நாவல். 16ஆம் நூற்றாண்டில் சீனக் கரையிலுள்ள மக்காவு வரை போய்ச் சேரும் போர்த்துக்கேயக் கவிஞர் கமோயிஷ் ஒரு பக்கம், 20ஆம் நூற்றாண்டில் கப்பலில் தந்தி வேலை பார்க்கும் ஓர் அயர்லாந்துக்காரன் மறு பக்கம். போகப் போக ஒருவன் மற்றவனுக்குள் புகுந்துவிடுகிறான், யாருடைய நினைவு யாருக்கு வருகிறது என்று நமக்கே பிடிபடாது. தொடக்கம் கஷ்டம்தான், போர்த்துக்கேயப் பெயர்களாக வந்து குவியும், நான் இரண்டு தடவை மூடி வைத்தேன். அந்தத் தந்திக்காரன் வந்த பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை. கப்பலிலும் ஒட்டாமல் கரையிலும் ஒட்டாமல் அவன் படுகிற பாட்டை, டச் பே மணலில் உட்கார்ந்து, கப்பலில் வேலை செய்த என் மாமாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "கரையில இறங்கினாத்தான் மருமோன் எங்களுக்குத் தலை சுத்தும்" என்றார். பிறகு கனநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஸ்லாவர்ஹோஃபின் கடைசிக் கவிதைத் தொகுப்பின் பெயர், தமிழில் சொன்னால், 'மாலுமிக்கு ஏற்ற நேர்மையான கல்லறை'. அது வந்த 1936ஆம் ஆண்டிலேயே, ஒக்டோபரில், கடலே இல்லாத ஹில்வர்சம் ஊரில் இறந்துபோனார். வயது 38.

கவிதைகளுக்காக வாங்குகிறவர்கள் கவனியுங்கள், இது நாவல் மட்டும்தான். இதற்கு 1934இல் எழுதிய தொடர்ச்சி ஒன்று இருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. இந்த மாதச் சம்பளம் வந்ததும் அதற்கும் ஓடர் போடுகிறேன், வேறு கடையில்.