கார்டா, கையெழுத்தா, களத்தில் போட்ட ஜெர்சியா?

விளையாட்டுப் பொருள் சேர்க்கக் கிளம்புகிறவருக்கு முக்கியமாக மூன்று வழிகள்: வீரர் படம் அச்சடித்த கார்டு, வீரரின் கையெழுத்து, ஆட்டத்தில் பயன்பட்ட பேட், பந்து, ஜெர்சி. எதில் விலை ஏறும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எதில் ஏமாற்றுவது கஷ்டம் என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் விலைக்கு வரலாம் என்பது என் கட்சி.

கார்டில் உள்ள பெரிய வசதி, ஒப்பிட்டுப் பார்க்க அதே கார்டின் மற்ற பிரதிகள் கிடைக்கும். அளவு, அட்டையின் தடிமன், அச்சுப் புள்ளிகள் எல்லாமே தெரிந்த விஷயம். தரம் பார்க்கும் நிறுவனங்கள் முனை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துக் கொடுத்துவிடும். டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட, அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டுகளில் 9.5 வாங்கிய ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்குப் போனது. அதே கார்டு மடிப்பும் கிழிசலுமாக 1 வாங்கினால் சில பத்தாயிரம் டாலரோடு நின்றுவிடும்.

ஆனால் கார்டிலும் ஏமாற்றக் கத்தரிக்கோல் விளையாடும். பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் டி206 என்ற தொகுப்புக் கார்டு 1909 வாக்கில் சிகரெட் பாக்கெட்டில் வந்தது, இன்று மிச்சம் இருப்பவை சில டஜன்தான். அதில் ஒன்றை ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி 1991இல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார். தரம் பார்க்கும் பிஎஸ்ஏ நிறுவனம் மதிப்பெண் போட்ட முதல் கார்டே அதுதான், 8 கொடுத்தார்கள். ஓரத்தை வெட்டிச் சீராக்கியது நான்தான் என்று அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் போலி கார்டு இல்லை, வெட்டப்பட்ட அசல். இந்த வித்தியாசம் முக்கியம்.

கையெழுத்துக்கு வந்தால் அசல் என்ற தரையே ஆட்டம் காண்கிறது. 1990களின் கடைசியில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடிக்க அமெரிக்க எஃப்பிஐ நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' சோதனையில் சிக்கிய பந்துகளில் அன்னை தெரசா கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்பட்டவையும் இருந்தன! அவர் பேஸ்பாலில் எதற்குக் கையெழுத்துப் போடப் போகிறார் என்று வாங்கியவர்கள் யோசிக்கவில்லை போலும். இதற்குப் பின் 2001 முதல் மேஜர் லீக் பேஸ்பால், ஆட்டம் நடக்கும்போதே ஆள் வைத்துப் பார்த்து, எண்ணோடு ஹாலோகிராம் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தது. கிரிக்கெட்டில் வாங்குபவர் பெரும்பாலும் தன் கண்ணைத்தான் நம்ப வேண்டும். கடையில் விற்கும் சின்ன பேட்களில் அணி மொத்தமும் போட்ட கையெழுத்து பலமுறை அச்சுதான். லென்ஸை வைத்துப் பாருங்கள்: அச்சு புள்ளி புள்ளியாகப் பிரியும். பால்பாயின்ட் பேனா காகிதத்தில் பள்ளம் விட்டிருக்கும். மார்க்கர் என்றால் கோடும் கோடும் குறுக்கிடும் இடத்தில் மை சற்றே அடர்ந்திருக்கும். ஆனால் இதெல்லாம் அச்சைப் பிடிக்கத்தான் உதவும். வேறொருவர் பேனாவால் போட்டதைப் பிடிக்காது. சான்றிதழ் கொடுப்பவரும் விற்பவரும் ஒரே ஆள் என்றால் அந்தக் காகிதத்துக்குத் தனியாகக் காசு தராதீர்கள்.

ஜெர்சி வகையில் பணமும் அதிகம், ஆதாரமும் உறுதியாகக் கிடைக்கலாம். பழைய புகைப்படத்தில் தெரியும் தையல், கறை, எழுத்து சாய்ந்திருக்கும் விதம் எல்லாவற்றையும் துணியோடு பொருத்திப் பார்க்கிறார்கள். அமெரிக்க பேஸ்பாலின் 1932 உலகத் தொடரில் (இறுதித் தொடர்) பேப் ரூத் போட்ட ஜெர்சி அப்படிப் பொருத்தப்பட்டு, 2024இல் 2.41 கோடி டாலருக்கு விற்றது. இதைவிட எளிய ஆதாரம், வீரரே நேரில் கொடுப்பது. 2020 ஜனவரியில் காட்டுத்தீ நிவாரணத்துக்காக ஷேன் வார்ன் ஏலம் விட்ட, டெஸ்ட் ஆட்டங்களில் போட்ட பச்சைத் தொப்பி பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. யாருடையது என்று சந்தேகப்பட அங்கே இடமே இல்லை. நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது ஒரு சொல் விளையாட்டு: 'வீரருக்காகத் தைத்தது' என்றால் அவர் அதைப் போட்டார் என்று அர்த்தமில்லை. தவிர, சென்னை ஈரப்பதத்தில் துணியும் பேட்டும் பூஞ்சை பிடிக்காமல் காப்பது தனி வேலை. கார்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் இருட்டான அலமாரியும் போதும்.

ஆக, கையில் பெரிய பணம் இல்லாத கிரிக்கெட் ரசிகருக்கு என் ஓட்டு கார்டுக்கே, அதிலும் பழைய சிகரெட் கார்டுக்கு. வில்ஸ் நிறுவனம் 1896இலேயே 50 கிரிக்கெட் வீரர்களின் கார்டுகளை வெளியிட்டது. அது விலை கூடிய சரக்கு. ஜான் பிளேயர் நிறுவனத்தின் 1938 தொகுப்பில் பிராட்மேனும் உண்டு, 50 கார்டும் சேர்த்தே சில ஆயிரம் ரூபாய்க்குள் பல நேரம் கிடைக்கும். கையெழுத்து என்றால் கண் முன்னால் போட்டதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட் கார்டுகளுக்கு மறுபதிப்புகளும் உண்டு என்பதால், வாங்குமுன் பின்பக்கப் படமும் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் மறுபதிப்பு என்று பொடி எழுத்தில் இருக்கும்.